கிணறும் தொழிலாளியும்: பேகம்பூரை முன்வைத்துச் சமூகப்பணிக் கல்வி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சமூகப்பணி முதுகலை மாணவர் எழுதும் களப்பணி அறிக்கை, தமிழகத்தின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் பெருமளவில் உருவாகும் எழுத்தாகும். எனினும் அது தேர்வுக்குரிய ஆவணமாகவே கருதப்படுகிறது. ஒரு பனுவலாக வைத்துப் படிக்கப்படுவது அரிது. தோல் பதனிடும் தொழிலோடு பிணைந்த பேகம்பூரைக் களமாகக் கொண்டு, அவ்வறிக்கையின் வடிவத்தை டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலோடும், 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றோடும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இம்மூன்று எழுத்துகளும் ஒரே நிலப்பகுதியில் எவற்றைக் காண்கின்றன, எவற்றைக் காணாது விடுகின்றன என்பதும், அவ்விடுபடலில் சமூகப்பணிக் கல்வியின் வரலாற்றுக்கு உள்ள பங்கும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சமூகப்பணிக் கல்வி, களப்பணி அறிக்கை, பேகம்பூர், தோல் பதனிடுதல், காந்திகிராமம், தொண்டு, டி. செல்வராஜ்.

முன்னுரை

திண்டுக்கல் நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று பேகம்பூர். ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பட்ட இடமாதலின் அப்பெயர் வந்தது என்பது ஊர் மரபு. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது. இவ்வரலாற்றுப் பெருமையைவிட அன்றாட வாழ்வில் பேகம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் அடையாளப்படுத்தி வந்தது தோல் பதனிடும் தொழிலே. மக்கள் வழக்கில் அது ‘தோல்ஷாப்’. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்த வாடை தலைமுறைகளாக அத்தெருக்களின் பகுதியாக இருந்துள்ளது. வணிகத்தில் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர், உழைப்பில் பெரும்பாலும் தலித் மக்கள் என்ற அமைப்பே இத்தொழிலின் நெடுங்கால ஒழுங்கு.

இத்தகைய ஓரிடத்துக்குச் சமூகப்பணி மாணவர் ஒருவர் களப்பணிக்கு அனுப்பப்படுகிறார் எனக் கொள்வோம். வாரத்தில் இரு நாள் களம், எஞ்சிய நாள்கள் வகுப்பு என்பது இப்படிப்பின் பொது நடைமுறை. மாணவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகத் தெருவுக்குள் நுழைகிறார், சில குடும்பங்களைச் சந்திக்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார், கண்காணிப்பாளரிடம் கையொப்பம் பெறுகிறார். பருவ இறுதியில் அது கட்டப்பட்ட அறிக்கையாகித் துறையின் அலமாரிக்குச் செல்கிறது. அவர் எதைப் பார்த்தார் என்பதைவிட, எதைப் பார்க்குமாறு அவருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதே இங்கு வினா. ஒரு துறையின் உண்மையான கோட்பாடு அதன் பாடநூலில் இருப்பதைக் காட்டிலும் அது மாணவர் கையில் கொடுக்கும் படிவத்தில் தெளிவாக இருக்கும்.

சொல்லும் துறையும்

தமிழில் இத்துறையைப் பற்றி எழுதுவோர் மணிமேகலையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான நிகழ்ச்சி சிறைச் சீர்திருத்தத்தின் முன்னோடியாகவும், அமுதசுரபி உணவுப் பாதுகாப்பின் முன்னோடியாகவும் காட்டப்படும். பெருமிதத்துக்குப் பயன்படும் இவ்வொப்புமை, ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. காப்பியத்தின் அறம் பௌத்தத் துறவின் அறம். இன்றைய சமூகப்பணியோ கூலி பெறும் தொழிலாகத் தன்னை நிறுவிக்கொள்ள முயன்ற நவீனத் துறை. இரண்டையும் ஒன்றெனக் காட்டும்போது நவீனத் துறை எங்கே, எதனை உதிர்த்துவிட்டு உருவாயிற்று என்ற வினா மறைந்துவிடுகிறது.

சொற்களைக் கவனித்தால் அவ்வுதிர்வு புலப்படும். ‘தொண்டு’ என்ற சொல்லுக்கு அடிமைத்தன்மை என்ற பொருள் உண்டு. பக்தி மரபு அதனை இறைவனுக்கும் அடியார்க்கும் ஆட்படுதல் என உயர்த்தியது. ‘ஊழியம்’ கிறித்தவ வழக்கில் நிலைபெற்றது. ‘சேவை’ காந்தி காலத்துப் பொதுச்சொல். ‘பணி’யில் தாழ்மை, வேலை என்னும் இரு பொருளும் உள; ‘பணி நியமனம்’ என்ற தொடரில் இரண்டாவதே எஞ்சுகிறது. பட்டத்தின் பெயராகச் ‘சமூகப்பணி’ ஏற்கப்பட்டபோது தொண்டின் ஆட்படுதலும் சேவையின் தியாகமும் விலக்கப்பட்டுத் தொழில்முறைமை முன்னிறுத்தப்பட்டது. அது தவறன்று. ஊதியமின்றி உழைப்பதே உயர்வு என்ற எண்ணம் இத்துறைக்கு வந்த இளைஞரை, குறிப்பாக முதல் தலைமுறைப் பட்டதாரிகளை, வெகுவாகச் சுரண்டியிருக்கிறது.

ஆயினும் விலக்கப்பட்டவற்றோடு வேறொன்றும் சேர்ந்து போயிற்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் திரு.வி.க. பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே அவர் ஆற்றிய சங்கப் பணி, அவரது பார்வையில், சமயத் தொண்டுக்கும் தமிழ்த் தொண்டுக்கும் அயலானதன்று. அவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க தொண்டு. அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத் தமிழில் ‘தொண்டு’ என்ற சொல்லுக்குள் தொழிற்சங்கம் இருந்தது. சமூகப்பணித் துறையின் தமிழ்க் கலைச்சொற்களில் அது இல்லை. தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, நல நிருவாகம், ஆய்வு, சமூகச் செயற்பாடு என முறைகள் எண்ணப்படும். கடைசியில் நிற்கும் சமூகச் செயற்பாடு பெரும்பாலும் பாடநூலின் கடைசி இயலாகவும், பருவம் முடியும் நேரத்தில் விரைந்து நடத்தப்படுவதாகவும் இருப்பது, இப்படிப்பைப் பயின்றோர் பலரும் அறிந்தது.

சிகாகோவும் நாக்பாடாவும்

1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ், மேலைச் சமூகப்பணியின் ஊற்றுகளுள் ஒன்று. வரலாற்றுப் பாடத்தில் அது ஏழைகளிடையே படித்தவர்கள் குடியேறி வாழ்ந்த இல்லம் என்று ஒரு வரியில் கடந்து செல்லப்படும். அவ்வில்லத்தார் 1895இல் தம் சுற்றுப்புறத்தின் வரைபடங்களை வெளியிட்டனர் என்பதும், வீடு வீடாகக் கணக்கெடுத்து எந்த வீட்டுக்கு எவ்வளவு கூலி வருகிறது என்பதை வண்ணங்களால் அவற்றில் குறித்தனர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. அதே ஆண்டில் ஆடம்ஸ் தம் வட்டாரத்தின் குப்பை அகற்றும் பணிக்கான ஆய்வாளராக நியமிக்கப்பட்டு, விடியலில் குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். அவ்வில்லத்தில் தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி தொழிற்சாலைச் சட்டத்துக்காகப் போராடியவர். கூலி, கழிவு, தொழிற்சாலை ஆகிய மூன்றும் அம்மரபின் தொடக்கத்திலேயே இருந்தன.

அவை மங்கியது பின்னர். சமூகப்பணி ஒரு தொழில்துறையாகுமா என்று ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1915இல் எழுப்பிய ஐயம் அத்துறையினரை ஆழமாகத் தைத்தது. தனக்கெனத் தனி நுட்பம் உண்டு என்று காட்டும் தேவை உண்டாயிற்று. 1917இல் மேரி ரிச்மண்ட் வெளியிட்ட நூல் மருத்துவத்திலிருந்து ‘நோயறிதல்’ என்ற சொல்லையே கடன் வாங்கித் தன் தலைப்பில் வைத்துக்கொண்டது. தெருவின் இடத்தை நேர்காணல் அறை பிடித்தது. ரிச்மண்டுக்கு நியாயம் செய்ய வேண்டுமெனில், குடும்பத்தையும் அண்டையையும் விசாரிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்வந்தவர்கள் அவ்விரிவைக் குறுக்கி, முறையை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இந்தியாவுக்கு இத்துறை வந்தது இவ்விரு போக்குகளும் கலந்த நிலையில். மும்பையின் நாக்பாடாவில் தொழிலாளர் வாழும் பகுதியில் அண்டைவீட்டு மையம் நடத்திய அமெரிக்கச் சமயப் பணியாளர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட்டின் முயற்சியால் 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி நிறுவப்பட்டது. நாக்பாடா எனும் தெருவில் முளைத்த கல்வி அது. சென்னைச் சமூகப்பணிப் பள்ளி 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் தோன்றியது. நலச் சங்கங்களின் தன்னார்வ மரபு அதன் பின்புலம். இவற்றின் வழியாகப் பரவிய பாடத்திட்டத்தை இந்திய மண்ணுக்கேற்ப மாற்ற வேண்டும் என்ற குரல், பல்கலைக்கழக மானியக் குழுவின் 1965, 1980ஆம் ஆண்டு மீளாய்வுகளின் காலம் முதல் ஒலித்து வருகிறது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரே கோரிக்கை புதிதுபோல் எழுப்பப்படுமாயின், தடை பாடப்பொருளில் மட்டும் இல்லை என்று கருத இடமுண்டு.

தொழிற்சாலையோடு இக்கல்விக்கு ஏற்பட்ட உறவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவின்படி, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் இடங்களில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. சமூகப்பணிப் பட்டதாரிகளுக்குத் தொழில் உலகின் கதவைத் திறந்த சட்டம் இது. பாடத்திட்டத்தில் தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் இடம்பிடித்தமைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் பேகம்பூர்ச் சுற்றுவட்டாரத்தின் பதனிடும் கூடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வராதவை. அச்சட்டத்தின் கணக்குப்படி சமூகப்பணியாளர் 500ஆவது தொழிலாளியோடு உள்ளே வந்தார். நாற்பது பேர் சுண்ணாம்புக் குழியில் நிற்கும் இடத்துக்கு அவர் வருவதில்லை.

காந்திகிராமத்தின் வழி

பேகம்பூரிலிருந்து மதுரைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம். மும்பை மரபுக்கு மாற்றான ஒரு பெருமுயற்சி திண்டுக்கல் மண்ணிலேயே நிகழ்ந்தது என்பதால் அதனைத் தவிர்த்து இவ்வாய்வு நகர முடியாது. மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினர். கே.எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழு ஊரக உயர்கல்வி குறித்து அளித்த பரிந்துரையின் வழியில் 1956இல் அங்கு ஊரக நிறுவனம் உருவாயிற்று. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பித்தல், ஆய்வு ஆகிய இரண்டோடு விரிவாக்கப் பணியையும் கல்வியின் இன்றியமையாக் கூறாக்கியது அதன் தனிச்சிறப்பு. மாணவர் ஊர்களில் தங்கி மக்களோடு வாழ்ந்து கற்க வேண்டும் என்ற அந்நிறுவனத்தின் நடைமுறை, நேர்காணல் அறையில் முடங்கிய சமூகப்பணிக்கு நேர் எதிரானது. சௌந்தரத்தின் பணிகளில் மகப்பேறு, குழந்தை நலம், கைவிடப்பட்டோர் பாதுகாப்பு ஆகியவை பெற்ற இடம் பெரிது.

இவ்வழியின் வலிமையே அதன் எல்லையுமாயிற்று. அது கிராமத்தைப் பார்த்தது. கதர், கைத்தொழில், துப்புரவு, ஆதாரக் கல்வி என்ற நிர்மாணப் பணிகளின் அடிப்படை அலகு கிராமமே. காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் தொழிலாளர் என்னும் தலைப்பும் உண்டு. அகமதாபாத் தொழிலாளர் சங்கத்தை அதற்கு முன்மாதிரியாக அவர் காட்டினார். ஆனால் அத்தலைப்பு ஊரக உயர்கல்வியின் மையத்துக்கு வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் அதன் நோக்கத்தில் இல்லை. மும்பை மரபு பெருநகரத்தின் ஆலைத் தொழிலாளியையும் சேரியையும் கண்டது. காந்திகிராம மரபு கிராமத்தைக் கண்டது. சிறுநகரத்தின் விளிம்பில், பாதி ஊராகவும் பாதித் தொழிற்கூடமாகவும் இருக்கும் பேகம்பூர் போன்ற இடங்கள் இரண்டின் இடைவெளியிலும் விழுந்தன. தமிழகத்தின் தொழில் புவியியலோ இத்தகைய இடங்களாலேயே ஆனது: சிவகாசி, திருப்பூர், ஆம்பூர், வாணியம்பாடி, குமாரபாளையம்.

‘தொழில்’ என்னும் கட்டம்

தனிநபர் பணி அறிக்கையின் வடிவம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பெயர் (மாற்றப்பட்டது), வயது, பாலினம், கல்வி, தொழில், குடும்ப வருமானம், குடும்ப உறுப்பினர் விவரம், முன்வைக்கப்பட்ட பிரச்சினை, பின்னணி, மதிப்பீடு, தலையீடு, தொடர்நடவடிக்கை. இவற்றுள் ‘தொழில்’ என்பதற்கு ஒதுக்கப்படுவது ஒரு சொல்லுக்குரிய இடம். அதில் ‘கூலி’ என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும். ‘பின்னணி’ பக்கக்கணக்கில் நீளும்: பிள்ளைப்பருவம், மணவாழ்வு, உறவுச் சிக்கல், குடிப்பழக்கம். ‘தலையீடு’ அப்பின்னணியிலிருந்து பிறக்கும்: ஆலோசனை, மறுவாழ்வு மையத்துக்குப் பரிந்துரை, மகளிர் குழுவில் சேர்த்தல், உதவித்தொகைக்கு விண்ணப்பம்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டதை டி. செல்வராஜ் ஒரு பெருநாவலாக விரித்தார். தென்களத்தில் பிறந்து, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்து, தொழிலாளர் வழக்குகளில் ஈடுபட்டவர் அவர். 2010இல் வெளிவந்த ‘தோல்’ 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல்ஷாப்களில் முன்கடனால் கட்டுண்டு கொத்தடிமைகளாய் உழைத்த தலித் மக்கள் சங்கமாகத் திரண்ட வரலாறு அதன் பொருள். ஓசேப்பு என்ற தொழிலாளியின் தொழிலை ‘கூலி’ என எழுதி அடுத்த கட்டத்துக்குப் போக அந்நாவல் எவரையும் விடாது. சுண்ணாம்பு தின்ற கையும் காலும், உடலை விட்டகலாத வாடை, முன்பணம் தீராமல் பிள்ளைக்கு இறங்கும் கடன், சாதியும் கடனும் ஒன்றையொன்று தாங்கும் முறை ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன என்பதை நாவல் காட்டுகிறது. படிவத்தில் ‘பின்னணி’ எனப்படுவது, நாவலில் ‘தொழில்’ என்பதன் விளைவு. காரணம் எது, விளைவு எது என்பதில் இரு எழுத்துகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

இதனைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பதனிடும் கூடத்தில் நாள் முழுதும் நிற்பவர் மாலையில் குடிக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் மனைவி மாணவரிடம் அதைச் சொல்லி அழுகிறார். அழுகை உண்மை, அடி உண்மை, குடியும் உண்மை. மாணவர் கற்ற முறை அப்பெண்ணுக்குச் செவிகொடுக்கக் கற்பிக்கிறது. இது சிறிய கொடையன்று. சங்கக் கூட்டத்தில் அவளுக்கு அது கிடைத்திராது. தொழிற்சங்க இலக்கியம் வீட்டுக்குள் விழும் அடியைப் பெரும்பாலும் முதலாளியின் கணக்கிலேயே எழுதிக் கடந்துவிடும். ‘தோல்’ உள்ளிட்ட முற்போக்குப் புனைவுகளை இந்நோக்கில் வினவ இடமுண்டு. சமூகப்பணி முறைமை அந்த இடத்தில் நுண்மையானது. குறை வேறிடத்தில் இருக்கிறது. செவிகொடுத்தபின் அடுத்த வினாவைக் கேட்க அது மாணவரைப் பழக்குவதில்லை: எத்தனை மணி நேரம் குழியில் நிற்கிறார்? கையுறை யார் தருவது? முன்பணம் எவ்வளவு, யாரிடம்? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல். முன்பணத்தைப் பற்றிய வினா இல்லாத படிவத்தைக் கொண்டு அச்சட்டத்தை யாரும் பயன்படுத்த முடியாது.

மொழியின் பங்கும் இதில் உண்டு. பேகம்பூரில் தமிழும் உருதும் புழங்குகின்றன. நேர்காணல் மக்கள் மொழியில் நிகழ, அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தோல்ஷாப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. முன்பணத்துக்கும் வாரக் கூலிக்கும் துண்டு விழுவதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பில் அவை ‘நிதி நெருக்கடி’ என்ற பொதுச்சொல்லாகித் தட்டையாகின்றன. நெருக்கடி யாருக்கும் வரலாம். முன்பணம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. முதற்சொல்லில் மறுதரப்பு இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவதாலேயே இது நேர்கிறது என்பதற்கில்லை; ஆங்கிலத்திலும் முன்பணத்துக்குச் சொல் உண்டு. மாணவர் தம் ஆங்கிலத்தின் மீது நம்பிக்கையின்றிப் பாடநூலின் தொடர்களையே கையாளும்போதுதான் களத்தின் சொல் உதிர்கிறது. தமிழில் எழுதவிட்டால் ‘பயனாளி’, ‘தலையீடு’, ‘மேம்பாடு’ என்ற வேறொரு தட்டையான நடை காத்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

350 கிணறுகள்

1973ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், கச்சாத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக்கப்பட்ட தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. மரப்பட்டையின் இடத்தில் குரோமிய உப்புகள் பரவின. ‘தோல்’ காட்டும் உலகம் இதற்கு முந்தியது. ஆகவே நாவலின் துன்பம் கூடத்தின் சுவருக்குள் மிகுதியும் நிகழ்கிறது. இப்போது அது சுவரைத் தாண்டி நிலத்தடிக்கு இறங்கிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.08.1996 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பென்று சட்ட மாணவர் அனைவரும் அதனைப் படிப்பர். பெயரில் வேலூர் இருப்பதால் திண்டுக்கல்லுக்கு அதில் உள்ள இடம் பெரிதும் மறக்கப்படுகிறது. வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகியவற்றோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் அதில் அடங்கும். இம்மாவட்டங்களின் ஒவ்வொரு பதனிடும் கூடத்துக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. ஒரு கிலோ தோலை முழுமையாக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், ஏறக்குறைய 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்பதும் அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டவை.

சமூகப்பணிக் கல்வியின் நோக்கில் அத்தீர்ப்பின் மிக முக்கியமான வரி கோட்பாடுகளைப் பற்றியதன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களில் 13 ஊர்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று மேற்கொண்ட கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்தாள்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன என்பது அக்கணக்கு. நான்கில் மூன்று. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர் என்பதையும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

இக்கணக்கெடுப்பின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று, கிணற்றை எண்ணி, நீரைச் சுவைத்து, உடையவரைக் கேட்டு, எழுதிவைத்தல். ஒரு பருவத்தில் சில களப்பணி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. ஹல் ஹவுஸ் 1895இல் கூலியை வரைபடமாக்கியது எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த வகை. அது நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் சான்றாக நின்றது. ஆண்டுதோறும் எழுதப்படும் தனிநபர் பணி அறிக்கைகளோ மதிப்பெண்ணாக மாறியபின் எவராலும் படிக்கப்படாதவை. இதற்குத் துறையினர் கூறும் முதன்மைக் காரணம் அந்தரங்கம் காத்தல். அது மதிக்கத்தக்க காரணம். ஒரு பெண் சொன்ன வீட்டுத் துயரம் பொதுவெளிக்கு வரலாகாது. ஆனால் கிணற்றுக்கு அந்தரங்கம் இல்லை. குழியில் நிற்கும் நேரத்துக்கும், வாரக் கூலிக்கும், கழிவு வாய்க்கால் செல்லும் திசைக்கும் அது இல்லை. தனிநபரைக் காக்க ஏற்பட்ட நெறி, தொழிற்கூடத்தையும் சேர்த்துக் காக்கும்படி விரிந்துவிட்டது. யாரும் அவ்வாறு விரிக்கத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

தீர்ப்பின் பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் நடுவில் நிற்பவை நிலமும் நீரும் அவற்றை இழந்த குடும்பங்களும். கூடம் மூடப்பட்டால் கூலி இழப்பவர் அந்நடுவில் இல்லை. நாவலின் நடுவில் தொழிலாளி நிற்கிறார். கெட்ட கிணறு அவர் காலத்துக்குப் பின் வந்தது. ஒன்று கிணற்றைக் காண்கிறது. மற்றொன்று தொழிலாளியைக் காண்கிறது. இதன் விளைவாகத் தோல்மாசு பற்றிய பொதுப்பேச்சு, உழவர் எதிர் தொழிற்கூடம் என்றோ சூழல் எதிர் வேலை என்றோ இரண்டாகப் பிளந்து போகிறது. தொழிலாளி தோல்ஷாப்பின் பக்கம் நிறுத்தப்படுகிறார். அவர் குடிக்கும் நீரும் அதே நிலத்தடியிலிருந்து வருவது என்பது மறைகிறது.

களப்பணி மாணவர் செல்லும் இடம்

இவ்விரு எழுத்துகளும் சந்திக்காத இடம் ஒரு வீடு. தோல்ஷாப்பில் கூலி பெறுவோரும் உப்பேறிய குழாய்நீரைக் குடமாய் ஏந்துவோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடு அது. பெரும்பாலும் கூலி ஆணின் பெயரிலும் குடம் பெண்ணின் இடுப்பிலும் இருக்கும். நீதிமன்றம் அவ்வீட்டுக்குள் வருவதில்லை. சங்கம் வாசல்வரை வரும். அவ்வீட்டுக்குள் சென்று, பாயில் அமர்ந்து, இருவரிடமும் பேசும் உரிமையை ஊரார் இசைவோடு பெறுபவர் சமூகப்பணி மாணவர். அவர் துறை தந்த நேர்காணல் பயிற்சி, பொறுமை, வீட்டுக்குள் நுழையும் தகுதி ஆகிய யாவும் இங்குப் பயனுடையவை. அவர் கையிலுள்ள படிவம் மட்டும் அவ்வீட்டைக் ‘குடும்பச் சிக்கல்’ என்ற ஒரே வாசல் வழியாகப் பார்க்க வைக்கிறது.

இதற்கு எதிராக எழக்கூடிய தடை வலுவானது. களப்பணிக்கு இடம் தருவோர் தொண்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சில வேளைகளில் தொழிற்சாலைகளுமே. முன்பணத்தைப் பற்றிக் கேட்கும் மாணவருக்கு அடுத்த ஆண்டு இடம் கிடைக்காமல் போகலாம். படிப்பு முடிந்தபின் அவர் தேடும் வேலையும் அங்கேயே இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமையும் ஒவ்வொரு வாரியத்திலும் இரு சமூகப்பணியாளர் இடம்பெறுகின்றனர். 2021ஆம் ஆண்டின் துணைநிலை நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்தது. வேலை வாய்ப்பின் வாயில்கள் குழந்தையிடத்தும் மருத்துவமனையிடத்தும் திறக்கின்றன. சுண்ணாம்புக் குழியருகே திறப்பதில்லை. கல்விக் கடன் பெற்றுப் படிக்கும் ஒருவர் திறந்த வாயிலை நோக்கி நடப்பதைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை.

ஆகவே மாற்றத்தின் சுமையை மாணவர்மீது ஏற்றுவது பொருந்தாது. அது துறையின் கையில் இருக்கிறது. அதுவும் பெரிய பாடத்திட்ட மாற்றத்துக்காகக் காத்திருக்காமல், துறைத்தலைவர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய அளவில் இருக்கிறது. தனிநபர் பணிக் கோப்பு பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும். அதனோடு ஊர்க் கோப்பு என ஒன்று தொடங்கலாம். மாணவர் மாறினாலும் ஊர் மாறாமல், ஆண்டுதோறும் அதே தெருவில் அதே வினாக்கள் தொடர வேண்டும். பெயரின்றி, ஊரார் கேட்டால் படிக்கக் கொடுக்கும் வகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். ‘தொழில்’ என்ற கட்டத்தைப் பக்கமாக்கலாம்: எந்தக் கூடம், எந்த வேலை, எத்தனை மணி நேரம், முன்பணம் எவ்வளவு, கையுறை உண்டா, கூடம் மூடப்பட்ட நாள்களில் அடுப்பு எப்படி எரிந்தது. அதற்கடுத்த பக்கம் நீருக்கு: எந்தக் கிணறு, எத்தனை அடி, உப்புக் கரிக்கத் தொடங்கியது எந்த ஆண்டு, குடிநீர் இப்போது எங்கிருந்து, குடம் ஒன்று என்ன விலை, சுமப்பவர் யார்.